மூன்று அங்குலத் தோல்

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு நல்ல பெல்ட்டை எடுத்து வெட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே மல்லிகா அக்கா, அவளுக்கென்ன, வேலையை விட்டுப் போயாச்சு, வீணாவது நம் கடைச் சரக்குதானே என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. யார் என்று கேட்க மாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் முணுமுணுத்திருப்பேன், இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்தே. ஆனால் அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் சொல்ல மாட்டார், அவருக்கு அதை நினைத்தால் இன்னும் வெட்கம். எனக்கும் வெட்கம்தான். வேலையை விட்டு முழங்கால் வலியோடு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நானே சொல்லிவிடுகிறேன்.

மேடம் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இங்கே திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் கடை திறந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவருக்கு முப்பது. விலங்குத் தோல் ஒரு துளிகூட இல்லாத பை, பர்ஸ், பெல்ட் மட்டும்தான் விற்பேன் என்று நின்றார். என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் தோல் செக்கிங்கில் இருந்தவள். தோல் எது என்று தெரிந்தவளுக்குத்தான் தோல் இல்லாதது எது என்று தெரியும் என்றார் மேடம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது பாதிதான் சரி என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த நாட்களில் வாரத்துக்கு ஒரு விற்பனைக்காரராவது சாம்பிள் பையோடு வந்துவிடுவார். கள்ளிச் செடி, அன்னாசி இலை நார், வாழை நார், கார்க் மரப்பட்டை, மாம்பழக் கூழ் என்று மேஜைமேல் பரப்புவார்கள். இது பழக்கடையா பெல்ட் கடையா என்று கேட்டு நான் அவர்களை ஓட்டுவேன். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: முழுக்க முழுக்கச் செடி, வேறொன்றும் இல்லை. ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மேலே காகிதக் கனத்துக்குச் செடி, மீதி பிளாஸ்டிக். அதைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. பூச்சு கொஞ்சமும் இல்லாமல் நம் ஊர் வெயிலையும் வியர்வையையும் தாங்குகிற பெல்ட்டை நான் இன்னும் பார்த்ததில்லை. எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாங்குகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பெல்ட்டைச் சோதிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளைக்காரம்மா. வருஷத்தில் ஆறு மாதம் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குவார், பருத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டியிருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் கம்மி. ஒரு நாள் வந்து ஒரு பெல்ட்டை எடுத்தார், மூன்றாவது துளை இருக்கிற இடத்தில் மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார். இது என்னடா கூத்து என்று ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். நான் டீ குடித்து முடிக்கும்வரை மடக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. அதை என் மூக்குக்கு நேரே காட்டிவிட்டுச் சிரித்தார், பெல்ட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மறுநாளிலிருந்து நானும் மடக்க ஆரம்பித்தேன். அவர் பேரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பி.டி. சாருக்கு வருகிறேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்காரர். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். பள்ளியை விட்டு வந்த பிறகும் சட்டைப் பையில் விசில் இருக்கும். சட்டையை உள்ளே விட்டு, பேன்ட் போட்டு, பெல்ட் கட்டினால்தான் அவருக்கு மனிதனாக இருக்கிற மாதிரி. வேட்டி கட்டினால் லீவு எடுத்த மாதிரி இருக்கிறது என்பார். அவர் நயினார், சமணக் குடும்பம். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் மாவட்டத்துச் சமணர்கள் வடக்கிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் இல்லை. கணக்கில்லாத தலைமுறையாக இங்கேயே நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போட்டு, சொந்த ஊரில் சொந்தக் கோயில் கட்டிக் கும்பிட்டு வருகிறவர்கள். அவர்கள் கோயிலுக்குள் தோல் போகக் கூடாது. செருப்பு மட்டும் இல்லை, பர்ஸ், பெல்ட், வாட்ச் வார், எதுவும். அவர்கள் ஊர்க் கோயில் வாசலில் அதற்கென்றே சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். ஆண்கள் வந்து பெல்ட்டைக் கழற்றி அதில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

சாருக்கு அதில் ஒரு தொல்லை வந்தது. சர்க்கரை வந்து உடம்பு பாதியாகிவிட்டது. பழைய பேன்ட் எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றினால் ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். புதுப் பேன்ட் தைக்கலாமே என்றால், எடை ஏறிவிடும், எதற்குத் தண்டம் என்பார். ரெக்ஸின் பெல்ட் வாங்கிப் பார்த்திருக்கிறார். மூன்றே மாதத்தில் உரிந்து உள்ளே பழுப்பாக ஏதோ அட்டை தெரிந்தது. அது தோல் தூளா வேறெதுவா என்று கடைக்காரனுக்கே தெரியவில்லையாம். சந்தேகம் என்றால் வெளியே என்பது சாருடைய சட்டம். அதனால் அதையும் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஒத்தக் கையில கும்பிடறேன்மா," என்றார் முதல் நாள் கடைக்கு வந்தபோது. "வகுப்புல எந்தப் பையனாவது ஒத்தக் கையில வணக்கம் வெச்சா வெளியில நிக்க வெப்பேன். இப்ப நானே தினம் காலையில அப்படி நிக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்கு ஒரு பெல்ட் தேடிக் கொடுக்காவிட்டால் நான் என்ன செக்கிங் பார்த்தேன் என்று தோன்றிவிட்டது.

மூன்று முறை வந்தார். கள்ளிச் செடி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடை நடுவில் நின்று குனிந்து நிமிர்ந்து பார்த்தார், கை இரண்டையும் தூக்கிப் பார்த்தார். கடைக்கு வந்திருந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இது ஏதோ யோகா என்று நினைத்துப் பக்கத்தில் நின்று அவர்களும் குனிந்தார்கள். அந்தப் பெல்ட் விறைப்பு ஜாஸ்தி, துளைப் பக்கம் கீறல் விட்டது. கார்க் பெல்ட் கைக்கு இதமாக இருந்தது, ஆனால் சார் இறுக்கிக் கட்டுகிறவர், துளை இழுபட்டுவிட்டது. கடைசியில் அன்னாசி இலை நார், அடியில் கெட்டியான பருத்தித் துணி. மேலே லேசாகப் பிளாஸ்டிக் பூச்சு உண்டு என்று சொன்னேன். பிளாஸ்டிக் உயிர் இல்லையே, பரவாயில்லை என்றார். அதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான், கவனமாகக் கேளுங்கள். அந்த நார் அகலமாக இருக்கும்போது நல்ல பலம். பெல்ட்டின் நுனியைச் சொருகி வைக்கிற வளையம் இருக்கிறதே, லூப், அதற்கு மெல்லிய பட்டையாக வெட்டினால் ஒரே மாதத்தில் பிய்ந்துவிடுகிறது. முதல் லாட்டில் வாங்கினவர்கள் பத்துப் பேராவது பிய்ந்த லூப்போடு திரும்பி வந்தார்கள். அடுத்த லாட் வரட்டும் என்று சாரைக் காத்திருக்கச் சொன்னேன். பெல்ட் தைத்துக் கொடுப்பவர் ரஃபி பாய், ஆம்பூரிலிருந்து வந்து இங்கேயே பட்டறை வைத்தவர், எனக்குப் பழைய கம்பெனிப் பழக்கம். கடையில் கூட்டமாக இருந்த ஒரு மத்தியானம் அவருக்குப் போன் போட்டு, லூப் எல்லாம் பிய்யுது பாய், எது கெட்டியோ அதைப் போட்டுடுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவ்வளவுதான் பேச்சு. என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

இரண்டாவது லாட் வந்தது. மேல், அடி, ஓரம், துளை, எல்லாம் பார்த்தேன். லூப்பை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பலே பாய் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். முதல் பெல்ட்டை பி.டி. சாருக்கு எடுத்து வைத்தேன், அன்றைக்கே வந்து கட்டிக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் கழித்து சார் மறுபடி வந்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றாமல் கோயிலுக்குள் போகிறாராம். தினமும் காலையில் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறாராம். பதினைந்து நாளாக என்று விரலை மடக்கிச் சொன்னார். அவர்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி முடிந்து பௌர்ணமியன்று கும்பாபிஷேகம். அன்றைக்குத் தொண்டு செய்ய இருபத்து நாலு பையன்களைச் சேர்த்திருந்தார். வெள்ளைச் சட்டை, நீல பேன்ட், எல்லாருக்கும் இதே பெல்ட். தண்ணீர்க் குடத்தோடு உள்ளேயும் வெளியேயும் ஓடுகிற பையன்கள் வாசலுக்கு வாசல் பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆவது என்றார். இருபத்து நாலையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை, பௌர்ணமிக்கு முந்தின நாள். நம் கடை வாசலில் படுத்திருக்குமே கருப்பி, வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிடுகிற நாய், அது மேஜையிலிருந்து தொங்கிய ஒரு பெல்ட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் துடைப்பத்தோடு ஓடினேன். பெல்ட்டை அது தொடவே இல்லை. லூப்பை மட்டும் முன்னங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்குவமாக, ரசித்து மென்றுகொண்டிருந்தது.

அன்னாசி நாரை நாய் மெல்லாது. அதன் வாயிலிருந்து பிடுங்கி, விளக்கேற்ற வைத்திருந்த தீக்குச்சியை உரசி அதில் காட்டினேன். முடி கருகுகிற வாடை வந்தது. தோல்.

இருபது வருஷம் தோலுக்கு நடுவில் இருந்தவளுக்கு அது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். அதனால்தான் தெரியவில்லை. அந்த வாசனை என் புடவையில், என் கூந்தலில், என் சோற்றுப் பாத்திரத்தில் இருபது வருஷம் இருந்தது. உங்கள் வீட்டு வாசனை உங்களுக்குத் தெரியுமா? புது ஆள் யாராவது மோந்து பார்த்திருந்தால் உடனே சொல்லியிருப்பார். நான் மோந்து பார்த்தேன், ஒன்றும் தெரியாமல் பாஸ் போட்டேன். வெட்டிப் பிரித்துப் பார்த்திருந்தால் அது நார் இல்லை என்று கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

பாய் ஓடி வந்தார். பட்டறையில் கிடந்த பழைய தோல் துண்டுகளை அதே நிறத்துக்குச் சாயம் போட்டு லூப் தைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் இருக்கும். "நீங்கதானக்கா கெட்டியா போடச் சொன்னீங்க, தோலை விட கெட்டி எது?" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அவரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மேடத்திடம் சொன்னேன். லூப்பில் தையல் கோளாறு என்று சொல்லி எடுத்துவிட்டு வாருங்கள் அக்கா, உண்மையைச் சொல்லி வயசானவர் மனசைப் புண்படுத்த வேண்டாம், விழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. சொன்னால் என்ன லாபம், அந்தப் பதினெட்டு நாள் திரும்பியா வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிளேடு, ஊசி, மெழுகு நூல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திதி அன்று மத்தியானமே பிறந்துவிட்டதால் கிரிவலக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. ஆட்டோவை விடவில்லை. நான் ஊருக்குள் போக வேண்டும், அதாவது அத்தனை ஜனத்துக்கும் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். வழி நெடுக யாராவது ஒருவர், அம்மா அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் சுத்தணும் என்று என்னைத் திருப்பப் பார்த்தார்கள். தெரியும்யா, எனக்கு அங்கே ஒரு வேலை இருக்கு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் தற்காலிகமாகப் போட்டிருந்த பஸ் நிலையத்தில் செஞ்சி பஸ்ஸைப் பிடித்து, கீழ்பென்னாத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி. பஸ்ஸில் உட்கார்ந்து பொய்யைத் திருப்பித் திருப்பி ஒத்திகை பார்த்தேன். தையல் கோளாறு சார், லூப் இல்லாமலே கட்டலாம் சார்.

சார் நம்பிவிட்டார். சந்தேகப்படவே இல்லை, அதுதான் கொடுமை. கூடத்தில் பாயை விரித்து, பெட்டியைத் திறந்து, தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தான் இடுப்பில் கட்டியிருந்ததையும் கழற்றிக் குவியலில் போட்டார். நான் கொக்கிப் பக்கத்துத் தையலைப் பிளேடால் பிரித்து லூப்பை உருவிப் போட, அவர் வீட்டம்மா ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, திரும்பத் தைத்தேன். இத்தனை தூரம் வெயிலில் வந்து வேலை செய்கிறாளே, எந்தக் கடையில் இப்படிச் செய்வார்கள் என்று அந்த அம்மா வியந்து வியந்து பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், எங்கள் வீட்டில் இருட்டினால் சாப்பாடு கிடையாது என்று இடையில் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார்.

கடைசிப் பெல்ட்டும் முடிந்தது. சார் தன்னுடையதை எடுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு ஒன்று செய்தார். பாயில் சிதறிக் கிடந்த லூப்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் குப்பை சார், போடுங்க என்றேன். நல்ல கெட்டியா இருக்கும்மா, பந்தல் கயிறு இழுத்துக் கட்ட ஆகும், எதுக்கு எறியணும் என்றார். பொறுக்கியதை விசில் இருந்த சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து, கோயிலில் கலசத்தைப் பார்க்க வரச் சொல்கிறார்கள் என்றார். சார் அப்படியே எழுந்து கிளம்பிவிட்டார்.

இருபத்தைந்து துண்டுத் தோல். நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, நேராகக் கோயிலுக்குள் போகிறார்.

யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அவர் முற்றத்தைத் தாண்டும் நேரம். அதற்குள்ளும் என் புத்தி இன்னொரு பொய்யைத் தேடியது, அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். லூப்களை எனக்குக் கொடுங்கள், பாயிடம் காட்ட வேண்டும் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"சார், உள்ள போவாதீங்க. பாக்கெட்ல இருக்கறது தோல்."

அவர் திரும்பினார். கலசத்துக்குக் கூப்பிட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சார் நிதானமாக வந்து, விசிலை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, லூப்களை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்துச் சிமென்ட் தரையில் வைத்தார். கடைசித் துண்டையும் வைத்த பிறகுதான் பேசினார்.

"என்னோடதுலயும் இருந்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருடையதும் எல்லாவற்றோடும் கலந்து கிடந்தது, யாருக்குத் தெரியும்.

"இருந்துது சார்."

"எத்தினி நாளா?"

"பதினெட்டு நாளா சார்."

அவர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். போனில் பாயிடம் சொன்னது, நாய், மேடம் சொன்னது, பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். அவர் வீட்டம்மா கரண்டியோடு வந்து கதவருகில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"வந்தவுடனே ஏன் சொல்லல?" என்றார் சார்.

"உங்க மனசு கஷ்டப்படும்னு பயந்துட்டேன் சார்."

"என் மனச நான் பாத்துக்கறேன். நீ பெல்ட்டப் பாரு."

சத்தம் போடாமல்தான் சொன்னார். கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு, வேறு சட்டை, வேட்டி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது பதினெட்டு நாளைக்கு ஒருவேளைதான் சாப்பிடப் போகிறேன் என்றார். வீட்டம்மா விடவில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிற ஆள் பட்டினி கிடந்தால் பதினெட்டாம் நாள் யார் வைத்துப் பார்ப்பது, வேறு எதையாவது விடுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் காபியை விடுவதாக முடிவாயிற்று. அது பட்டினியைவிடப் பெரிய தண்டனை, முதல் நாளே வீட்டில் எல்லாரையும் கடிக்கப் போகிறார் பார் என்று அந்த அம்மா என்னிடம் கிசுகிசுத்தார். பொழுது சாய்வதற்கு முன் எனக்குச் சோறு போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. திருவண்ணாமலைக்குள் பஸ் போகாது என்று அன்றைக்கு அங்கேயே தங்கச் சொன்னார்கள்.

மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே, இந்த லாட் பெல்ட்டில் லூப் மட்டும் தோல், தெரியாமல் விற்றுவிட்டோம், திருப்பிக் கொண்டு வாருங்கள் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். கிரிவலம் போன ஊரே அதைப் படித்துக்கொண்டு போயிற்று. இப்போது லூப்பைப் பருத்தி நாடாவில் தைக்கிறோமே, அதுவும் அதற்குப் பிறகு வந்ததுதான். அளவு கொடுத்து, நாடாவைக் கையோடு கொண்டு வந்து காட்டியவர் ரஃபி பாய்.

மறுநாள் காலை கும்பாபிஷேகத்துக்கு நானும் போனேன். போகாமல் நழுவிவிடலாம் என்றுதான் இருந்தேன், வா என்று சார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். கோயில் வாசலில் இருபத்து நாலு பையன்களும் வரிசையில் நின்றார்கள். லூப் இல்லாததால் ஒவ்வொருவன் இடுப்பிலும் பெல்ட் நுனி நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம் எல்லாம் சார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். என்னைக் காட்டியும் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன்.

அப்போது ஒருவர் வந்தார். பெங்களூரில் வேலை பார்க்கிறவர் போல, கையில் தன் பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார். அம்மா, இது தோல் இல்லைன்னு சொல்லித்தான் விற்றான், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன் என்றார். ஓரத்தைப் பார்த்தேன், நடுவில் பழுப்பு அட்டை. சந்தேகம் சார், ஆணியில் மாட்டிடுங்க என்றேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வாட்ச்சை நீட்டினார். அவருக்குப் பின்னால் ஒருவர் பர்ஸை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் என் முன்னால் ஒரு வரிசையே நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தின நாள் வரை இவர்கள் கோயிலுக்குள் தோலை அனுப்பினவள் நான், என்னிடமே வந்து கேட்கிறார்களே என்று இருந்தது. என் மூக்கை நான் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ மோந்து சொல்லு கண்ணு என்றேன். நான் கையால் பார்த்தேன், அவள் மூக்கால் பார்த்தாள்.

வரிசையின் கடைசியில் பி.டி. சார் நின்றார். மறுபடி பேன்டும் சட்டையும், விசிலும். ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெல்ட்டை நீட்டினார்.

"நேத்து நான்தானே சார் பிரிச்சுத் தெச்சேன்," என்றேன்.

"அது நேத்து. இன்னிக்குப் பாரு. நீ சொன்னா கட்டிக்கினு போறேன், இல்லன்னா ஆணியில மாட்டறேன்."

மேளம் தொடங்கிவிட்டது. உள்ளே இருந்து அவரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான் அவசரப்படவில்லை. மேல், அடி, ஓரம், தையல், கொக்கி மடிப்புக்கு உள்பக்கம், எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டு ஒண்ணும் இல்லை என்று தலையாட்டினாள். மடிப்புக்குள் சிக்கியிருந்த ஒரு பழைய நூல் பிசிறைக் கூட உருவிப் போட்டேன்.

"போங்க சார்," என்றேன்.

பெல்ட்டைக் கட்டினார், இறுக்கினார், நுனி தொங்கத் தொங்க உள்ளே போனார். கூட்டம் மறைத்தது. எட்டி எட்டிப் பார்த்தேன். தலைகளுக்கு மேலே அவர் கை இரண்டும் ஒன்றாகக் கூப்பி உயர்ந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புது லாட் வந்து இரண்டு நாளாகப் பிரிக்காமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதிலிருந்து நல்லதாக ஒன்றை எடுங்கள். கத்தி மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கிறது.